தேரை மோந்த கணக்கு

உயிர்க்கலங்களைப் பரப்பிய கண்ணாடி வழுக்கியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று போன வாரம் உங்களில் ஒருவரிடம் கேட்டேன். “நல்ல கலத்தை, மிஸ்” என்று உடனே பதில் வந்தது. கெட்டிக்காரப் பதில்தான். பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளியும் விழும். ஆனால் ‘நல்ல கலம்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். ஏன் என்பதை இங்கே எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் பாதிக் கதையில் உங்கள் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும், எனக்குத் தெரியாதா?

நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் எங்கள் ஆய்வு நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, உப்புக் காற்றில் திருகு இறுகிப்போகும் ஒரு நுணுக்குக்காட்டி, பிடித்துவரும் தேரைகளை விட ஒரு சீமெந்துத் தொட்டி. யன்னலைத் திறந்து வைத்தால் மான் வந்து தலையை நீட்டும். அந்த அறையும் அதிலுள்ள சாமான்களும் என் பொறுப்பு. மாணவர் பயிற்சிக்கு வேண்டிய வழுக்கிகளையும் நான்தான் தயாரித்தேன்.

மூதூரைச் சேர்ந்த சாபிர் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தார். என் வயதுதான். நான் வேலையில் முந்தியவள் என்பதால் ‘மிஸ்’ என்பார், நானும் ‘நீங்கள்’ என்றுதான் கதைப்பேன். எங்கள் இருவருக்கும் மேலே நிலையத்தின் தலைவர். அறிவாளி, நல்ல மனிதர். ஆனால் ஒரு கதை மனதுக்குப் பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான், விடமாட்டார்.

தேரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று என் வீட்டிலும் கேட்டார்கள். கல்யாணம் பேச வந்த ஒரு குடும்பம் என் வேலையைக் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனது. எனக்கோ அது தீராத அதிசயம். உலகத்தில் எத்தனை விதமான தேரைகள்! வறண்ட மணலில் ஒன்று, மழைக்காட்டில் ஒன்று, மலையுச்சியில் ஒன்று. தோல் வேறு, குரல் வேறு, பருமன் வேறு. ஆனால் கலத்துக்குள் இருக்கும் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, எண்ணினால் பெரும்பாலானவற்றில் அதே இருபத்திரண்டு. பெரிய சோடிகள் ஆறு, சின்னச் சோடிகள் ஐந்து. வெளியே இருப்பதையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்த கூர்ப்பு, அதாவது பரிணாமம், உள்ளே இந்த அடுக்கை மட்டும் ஏன் அப்படியே விட்டுவைத்தது? ஆபிரிக்கத் தேரைகள் சிலவற்றில் மட்டும் இருபது. அங்கே மட்டும் என்ன நடந்தது? இதை நினைத்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டவள் நான்.

எங்கள் ஊர்த் தேரைக்கும் இருபத்திரண்டு என்பது அப்போதே தெரிந்த விடயம். சாபிர் துறைமுகத்துக்குள்ளிருந்து பிடித்துவந்த தேரைகளை எண்ணினார். இருபது வந்தது. இன்னொரு தேரை, அதிலும் இருபது.

தலைவர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். “கப்பல், ஐசே! ஆபிரிக்காக் கரையைத் தொட்டு வாற கப்பலில ஏறி வந்திருக்கு. சரக்கோட சரக்கா வந்து இறங்கி, இஞ்சையே குடியிருந்திட்டுது!”

“உருவத்தில எங்கட தேரை மாதிரித்தானே சேர் இருக்கு?” என்றேன்.

“இஞ்சை வந்து கலந்திருக்கும்.”

கலந்திருந்தால் இருபத்தொன்றல்லவா வரவேண்டும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருபத்தொன்று தெரிந்த கலங்களும் இருந்தன! எந்தக் கேள்விக்கும் அந்தக் கதையில் ஒரு பதில் இருந்தது. அப்படிப்பட்ட கதையைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று இன்று சொல்வேன். அன்று எங்களுக்கும் அது இனித்தது. கப்பலேறி வந்த தேரை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஊரிலும் கதை பரவிவிட்டது. ஒருநாள் துறைமுக வாசலில் காவலாளி சாபிரின் பையைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்த தேரைகள் மேசையில், வருகைப் புத்தகத்தில், காவலாளியின் மடியில் என்று தாவின. அவர் கதிரையோடு பின்னால் சாய்ந்து, “இதுதானா அந்த ஆபிரிக்காத் தேரை? பாஸ்போர்ட் இருக்கோ?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு சாபிரின் பையை எவரும் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில், சாபிரின் வாழ்க்கையே அந்த இருபதில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடம் இருந்தது. ஒரே ஓர் இடம். கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், எங்கள் நிலையத்திலேயே சாபிரின் ஆய்வுரையைக் கேட்பார், பிறகு முடிவு சொல்வார். வயதெல்லைப்படி சாபிருக்கு அதுதான் கடைசித் தடவை. வாப்பா இல்லாத வீடு. உம்மா தனியாக நின்று வயலைப் பார்த்து மகனைப் படிக்கவைத்தவர். ஆபிரிக்கத் தேரை என்ற கண்டுபிடிப்போடு போனால் இடம் கையில் என்று தலைவர் அடித்துச் சொன்னார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. துறைமுகத்துத் தேரைக்கு இருபது என்றால், துறைமுகத்துக்கு வெளியே பிடித்த தேரைக்கு இருபத்திரண்டு என்று நாங்களே எண்ணிக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஒப்பிடலாம். கிண்ணியாவில் சாபிரின் மாமாவுக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. தோட்டத்தில் தேரைக்குக் குறைவிருக்காது. பேராசிரியர் வரும் நாள் கிட்டிவிட்டதால் போய்வர நேரமில்லை. அந்தப் பக்கம் போன ஒருவரிடம், “மாமாட்ட சொல்லுங்க, எனக்கு அவசரமா தேரை வேணுமாம், ஒரு சாக்கில போட்டு அனுப்பச் சொல்லி” என்று சாபிர் சொல்லிவிட்டார்.

சாக்கு வந்தது. மாமா மிதவைப் படகில் ஏற்றி, ஆள் பிடித்து, பத்திரமாக அனுப்பியிருந்தார். தூக்கினால் பாரமில்லை, தட்டினால் அசைவில்லை. “வெயிலுக்கு எல்லாம் செத்துப் போச்சுதோ?” என்று நான் பதறினேன். சாபிர் வாயை அவிழ்த்துக் கொட்டினார். அறை முழுக்கத் தேங்காய் உருண்டது.

கொண்டுவந்தவர் மாமாவின் செய்தியையும் ஒப்புவித்தார்: “மருமகன் கேட்ட தேரை இதுதான். இன்னும் வேணுமெண்டா கிடக்கு. இந்த நோவுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா, தோட்டக்காரங்க எல்லாரும் துஆ செய்வாங்களாம்.”

உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெளியே நல்ல காய்போலத் தெரிந்து, உடைத்தால் உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்பார்கள். தேரை வந்து முகர்ந்ததால் பருப்பு போய்விட்டதாம். தோட்டக்காரர் பேச்சில் சுருக்கமாகத் ‘தேரை’. அரசாங்கத்து ஆராய்ச்சி நிலையம் தேரை கேட்கிறது என்றால் வேறு எதைக் கேட்கும்? மருமகன் கடைசியில் உருப்படியான ஒன்றைப் படிக்கிறான் என்று மாமா மகிழ்ந்துபோயிருக்கிறார். நானும் சாபிரும் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு காயை எடுத்து உடைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. சாபிர் ஓட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாவம் மிஸ், இந்தத் தேரை. மரத்தில என்ன நடந்துதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளுக்க பருப்பக் காணல்லயெண்டா, உடனே தேரை மோந்திட்டு எண்டு பழி.”

நான் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை. அவருக்கும் முகம் மாறியது. உள்ளே இரண்டைக் காணவில்லை என்று நாங்களும் பழியைத் தேரையின் மேல்தானே போட்டிருக்கிறோம்?

சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கேட்டேன்: “சாபிர், இருபத்திரண்டு தெரிஞ்ச கலம் ஒண்டும் நீங்கள் காணேல்லையா?”

“கண்டனான். அது பக்கத்துக் கலத்திலயிருந்து ரெண்டு வந்து விழுந்தது. நல்ல கலமில்ல.”

“பதினெட்டு, பத்தொன்பது தெரிஞ்சது?”

“அது உடைஞ்ச கலம்.”

“அப்ப நல்ல கலமெண்டா எது?”

அவர் ஓட்டைக் கீழே வைத்தார். பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். இருபது தெரிந்தால் நல்ல கலம். முதல் தேரையில் இருபதைக் கண்டபின், இருபதைத் தேடித்தான் எண்ணினோம். சாபிர் பொய்க்காரர் அல்ல. அவரைப் போல நேர்மையான ஆளை நான் கண்டதில்லை. கண்ணுக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் நேர்மையான கண்ணும் அதற்கு வேலை செய்யும். நீங்கள் என்னிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். இரண்டு கயிற்றை முடிந்தால் கயிற்றின் எண்ணிக்கை குறையும், ஆனால் முடிந்த கயிறு நீளும். நிறமூர்த்தமும் அப்படித்தான். இரண்டு சோடி ஒட்டி ஒன்றானால், முன்னில்லாத நீளத்தில் ஒரு சோடி தெரிய வேண்டும், அல்லது இருக்கிற சோடிகளின் அளவு மாறியிருக்க வேண்டும். சாபிரின் படங்களில் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தன. சின்னஞ்சிறிய சோடிதான் இல்லை.

சாபிருக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். “இதச் சொல்ல உங்களுக்கு வேற நாள் கிடைக்கல்லியா மிஸ்? அவர் வாறதுக்கு முன்னம் நான் என்ன செய்ய ஏலும்?”

“ஒண்டு செய்ய ஏலும். தொட்டியில ஒரு தேரை மிச்சமிருக்கு, துறைமுகத்துத் தேரை. அதின்ர கலங்களில பாதியை நீங்கள் வழுக்கியில போடுங்கோ, மற்றப் பாதியை நான் போடுறன். ஆர் போட்டதெண்டு மறைச்சு வைச்சு, கண்ட கலமெல்லாத்தையும் எண்ணுவம். நல்லது கூடாதது எண்டு ஒண்டையும் கழிக்க வேண்டாம்.”

வாயை இறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார். அவருடைய கை எப்படி என்று எனக்குத் தெரியும். கலங்கள் கலந்த துளியை உயரத்திலிருந்து விட்டு, கண்ணாடியில் தெறிக்க வைப்பார். நிறமூர்த்தங்கள் பூக்கோலம்போல விரியும். பார்க்க அத்தனை அழகு. நான் தாழ்த்திப் பிடித்து மெல்ல விடுபவள். என் வழுக்கியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, எண்ணுகிறவரின் உயிரை வாங்கும். மாணவர்கள் அதற்காக என்னைத் திட்டுவார்கள்.

எண்ணி முடித்து மறைப்பை நீக்கினோம். அழகான வழுக்கிகளில் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை எல்லாம் இருந்தன, இருபது கூடுதலாக. என்னுடைய அலங்கோலத்தில் கலத்துக்குக் கலம் இருபத்திரண்டு. சாபிர் தம்முடைய வழுக்கி ஒன்றைத் திரும்ப வைத்து, கலத்தின் எல்லையைத் தாண்டி ஓரமாகத் தேடினார். அங்கே, கூட்டத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, தூசு என்று நாங்கள் விட்டுவிட்ட இடத்தில், இரண்டு சின்னப் புள்ளிகள் கிடந்தன.

ஒரே தேரைக்கு இரண்டு கணக்கு இருக்க ஏலாது. தேரை கப்பலேறி எங்கிருந்தும் வரவில்லை. சாபிர் நுணுக்குக்காட்டியில் நெற்றியை வைத்தபடியே இருந்தார். நான் சொன்னது சரியென்று வந்ததில் எனக்குத் துளியும் சந்தோசமில்லை. பிழையாகப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் தலைவரிடம் சொன்னோம். வழுக்கிகளைப் பார்த்தார். அவருக்கு விளங்காமலில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சாபிர், நீர் ஒரு கிழமைக்கு இதை மறந்திரும். உரையைச் செய்யும். இடத்தை எடும். அங்க போய் நல்ல ஆய்வுகூடத்தில திருப்பி எண்ணிப்போட்டு, திருத்தி எழுதும். விஞ்ஞானத்தில பிழையைப் பிறகும் திருத்தலாம். போன சந்தர்ப்பத்தைத் திருத்த ஏலாது.”

இதைக் கெட்ட மனிதர் சொன்ன கெட்ட வார்த்தை என்று எடுக்காதீர்கள். அந்த மனிதர் சாபிரைத் தம் பிள்ளைபோல நேசித்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு பாரமாக இருந்தது. சாபிர் என்னைப் பார்த்தார். என் வேலை வழுக்கியோடு முடிந்தது, இனி உங்கள் வாய் என்றேன். அவர் மூதூர் போகும் லாஞ்சிப் படகைப் பிடிக்கப் போய்விட்டார்.

உரைக்குரிய காலையில் அவர் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் கதைப்பதைப் பார்க்க வேண்டுமென்று உம்மா கேட்டிருக்கிறார். வெள்ளை முக்காட்டை இழுத்துவிட்டு, பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேராசிரியரும், கொழும்பிலிருந்து அவரோடு வந்த வேறு சிலரும் முன்வரிசையில். சாபிர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. தலைவருக்கும் தெரியாது.

சாபிர் முதல் படத்தைத் திரையில் போட்டார். அந்தப் பூக்கோலம். எண்ணிக் காட்டினார், இருபது. முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது, பேராசிரியர் பக்கத்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். தலைவரின் முகம் மலர்ந்தது. உண்மையை விழுங்கப் போகிறார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதே நேரம், இடம் கிடைத்துவிட்டது என்று ஓர் ஓரத்தில் ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

பிறகு இரண்டாவது படத்தைப் போட்டார். என்னுடைய அலங்கோலம். அதையும் எண்ணினார், இருபத்திரண்டு. “இரண்டும் ஒரே தேரை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “முதலாவது நான் தயாரித்தது. அது பிழை. நான் பல மாதமாக எண்ணியதும் பிழை.” எப்படிப் பிழைத்தது, நல்ல கலம் என்று எதை எடுத்தார், எதைக் கழித்தார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

கடைசியாக மூன்றாவது படம், அன்று எண்ணும்போது என் வழுக்கியில் கண்டு படம் பிடித்துவைத்தது. அதே தேரையில், ஒரு சோடியில் ஒன்று மட்டும் மற்றதைவிட நீளமாக இருந்தது. இடுப்புப்போல ஒடுங்கும் ஓர் இடம் அதில் மட்டும் நீண்டு கிடந்தது. என் எல்லா வழுக்கிகளிலும் அப்படியேதான். இது தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா, இந்தத் தேரைக்கு மட்டுமா, மாற்றம் ஒன்றின் தொடக்கமா? பேராசிரியர் எழுந்து வந்து நுணுக்குக்காட்டியில் தாமே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏன் இப்படி?” என்று கேட்டார்.

“தெரியாது, சேர்.”

அந்தத் ‘தெரியாது’ இன்றும் என் காதில் இனிக்கிறது. கப்பல், ஆபிரிக்கா என்று எல்லாம் தெரிந்திருந்த மாதங்களில் நாங்கள் தேரையைப் பார்க்கவே இல்லை. தெரியாது என்று சொன்ன அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். அந்தச் சோடி ஏன் அப்படியிருந்தது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. உங்கள் புதிய சாயங்களும் கருவிகளும் சொல்லலாம். சொன்னால் எனக்கு அறிவியுங்கள், கேட்க உயிரோடுதான் இருக்கிறேன்.

இடம் கிடைக்கவில்லை. நேர்மைக்கு அந்த நாளில் பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பேராசிரியர் சாபிரின் கையைப் பிடித்து நல்ல வார்த்தை சொன்னார். ஆனால் ஆய்வு இன்னும் முடியவில்லை, முடித்தவர் இன்னொருவர் இருக்கிறார் என்றார். மத்தியானத்துக்குள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். தலைவர் தம்முடைய அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அப்படியொரு கேள்வியைக் கேட்காமல் தேங்காயைத் தேங்காயாகவே விட்டிருக்கலாமே என்று அந்தப் பின்னேரம் முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

தாயையும் மகனையும் வழியனுப்ப இறங்குதுறைக்கு நானும் நடந்தேன். சாபிர் பையைத் தூக்கிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி எங்களுக்கு முன்னே போனார். உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“புள்ள, அவன் இங்கிலீசில என்ன சொன்னவன்? முதல்ல எல்லாரும் சந்தோசமாத்தானே இருந்தாங்க. பொறகு ஒருத்தரும் வாய் துறக்கல்லியே.”

மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. “தான் இவ்வளவு நாளும் எண்ணினது பிழையெண்டு சொன்னவர், உம்மா.”

“வந்தவங்க கண்டுபிடிச்சிட்டாங்களா?”

“இல்லை. அவையளுக்கு ஒண்டும் தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தா இடம் கிடைச்சிருக்கும். அவராத்தான் சொன்னவர்.”

உம்மா என் கையை விட்டார். லாஞ்சிக்காரன் ஏறச் சொல்லிக் கத்தினான். சாபிர் பலகையில் கால் வைக்கப் போனார், தலை இன்னும் குனிந்தபடி.

“மகன்!” என்று உம்மா கூப்பிட்ட கூப்பாட்டில் துறையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “தலையத் தூக்கிட்டு ஏறு. என்னத்தக் களவெடுத்துப்போட்டா போறாய்?”